மகன் சட்டையில் கொழுந்துக் கறை

என் மகனின் வெள்ளைச் சட்டையில், முதுகுப் பக்கம், நான்கு விரல்களின் கறை இருந்தது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. தேசிக்காயை அறுத்துத் தேய்த்தபோது கொஞ்சம் மங்கியது. அது என்ன கறை என்று தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எவளுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்து எடுக்கிறவர்களின் விரலில் ஊறிக் கறுத்துப்போகும் சாறு அது. என் அம்மாவின் கையில் அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான்.

ஆனால் என் கணவர் வீட்டில் கொழுந்து எடுக்கிற கை ஒன்றுகூட இல்லை. மாமியார் மலைக்குப் போவதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகிவிட்டன. கணவர் தோட்டத்துத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர். அவர் கையில் படிவது கிரீஸ். நான் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிள்ளை பகல் முழுவதும் வீட்டில், மாமியின் மடியில் இருக்கிறான் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. அப்படியானால் கொழுந்து எடுக்கும் யாரோ ஒருத்தி, வேலை நேரத்தில், கைகூடக் கழுவாமல் என் பிள்ளையைத் தூக்கி முதுகைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள்.

நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும். பதில் வந்துவிட்டால் அதற்குப் பிறகு எல்லோரும் கவனமாக இருப்பார்கள். சட்டையைக் கொடியில், கறை உள்பக்கம் இருக்கும்படி போட்டுவிட்டு உள்ளே போனேன்.

எனக்கு அப்போது எதையும் நேராக எடுத்துக்கொள்ள முடியாத காலம். யுத்தம் எங்கள் பக்கத்தில் நடக்கவில்லை. ஆனாலும் வீதியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்குவார்கள். அடையாள அட்டையில் என் பெயரைப் படித்ததும் பையைத் திறக்கச் சொல்வார்கள். ஒருநாள் ஒரு இளம் சிப்பாய், பைக்குள் இரண்டாவது உடுப்பு எதற்கு என்று கேட்டான். பிள்ளை பெற்றவளுக்குப் பகலில் பால் கட்டி உடுப்பு நனையும், அதற்காக என்று அந்தப் பையனிடம் எப்படிச் சொல்வது? "வார்டில் இரத்தம் படும், மஹத்தயா" என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் என்னையும் உடுப்பையும் மாறி மாறிப் பார்த்தான். நம்பவில்லை. பிழையும் சொல்ல முடியாது, நான் சொன்னது பொய்தானே.

ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த நர்ஸ்கள் குறைவு. எங்கள் வார்டில் நான் ஒருத்திதான். தோட்டங்களிலிருந்து வரும் நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்குச் சிங்களம் தெரியும். கடையில் சாமான் வாங்கவும் பஸ்ஸில் சண்டை பிடிக்கவும் போதுமான சிங்களம். நெஞ்சுக்குள் எப்படி வலிக்கிறது என்று டொக்டரிடம் சொல்ல அது போதாது. ஆகவே மற்ற வார்டுகளிலிருந்தும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் ஒரு அம்மாளிடம் தமிழில் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினால், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தன் மகளிடம் மெதுவாக, "மொகத மெயா கியன்னே?" என்பார். இவள் என்ன சொல்கிறாள் என்று. எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு.

எங்கள் குடும்பத்தில் பாடசாலைப் படிப்பை முடித்தவள் நான் ஒருத்தி. அப்பா கைநாட்டு. அம்மாவுக்குத் தன் பெயரை எழுத வரும், அதுவும் பாதி எழுத்துத் தலைகீழாக. நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிறேன் என்றபோது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிரித்தார்கள். வெள்ளை உடுப்போடு முதல்முறை தோட்டத்துக்குள் நடந்து வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அந்த நடை எனக்கு வேண்டியிருந்தது. அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

கணவருக்கு அது தெரியும். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தொழிற்சாலையில் அவருடைய கூட்டாளிகளின் வாய் சும்மா இருக்காது. "என்னப்பா, இன்னைக்கு ஒன் வீட்டம்மா டியூட்டியா, நீ டியூட்டியா?" என்று கேட்பார்கள். வீட்டுக்கு வரும்போது அந்தக் கேள்வியையும் கொண்டுவருவார். பிரசவ விடுமுறை முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரம், மாமியின் முன்னால் வைத்துத் தன் முடிவைச் சொன்னார்.

"புள்ளைக்குச் சோறூட்டுற வரைக்கும் பாப்பம். புள்ள ஒங்கிட்ட ஒட்டியிருந்தா நீ தாராளமா போ. ஒட்டலன்னா வேலைய உட்டுறணும். அதுக்கப்பறம் எங்கிட்ட பேச வரக் கூடாது."

"சரி" என்றேன். என் பிள்ளை என்னிடம் ஒட்டாமல் போவானா என்ற திமிர்.

மாமி வெற்றிலையை மென்றுகொண்டு, "அவன் சொல்றது நாயந்தான்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் மறக்கவில்லை.

இரவு டியூட்டியைத் தவிர்ப்பதற்காக நீண்ட பகல்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் பஸ்ஸில் போய், இருட்டுகிற நேரத்தில் திரும்புவேன். போகும்முன் பால்மா டின்னையும், கொதிக்கவைத்த போத்தலையும், சுடுதண்ணீரையும் மேசையில் வைத்துவிட்டுப் போவேன். வார்டில் பால் கட்டி நெஞ்சு கல்லாகும். கழிவறையில் நின்று, கதவைத் தாழிட்டு, கை கழுவும் பீங்கானில் பிழிந்துவிடுவேன். என் பிள்ளைக்கு உரியது குழாய்க்குள் ஓடுவதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மாலையில் வீட்டுக்குள் நுழைந்து, கை கால் கழுவி, அவனைத் தூக்கி மடியில் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அழமாட்டான். அதுதான் எனக்கு உறுத்தியது. பசியிருக்கும் பிள்ளை மறுத்தால் அழும். இவன் வயிறு நிறைந்த பெரிய மனிதனைப் போல என்னைப் பார்த்துச் சிரிப்பான், பிறகு தலையைத் திருப்பிக்கொள்வான். விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தில் குடிப்பான். ஆனால் அதைப் பார்க்க யாரும் விழித்திருப்பதில்லை. கணவர் பார்ப்பது மாலையைத்தான். பார்த்துவிட்டு வானொலியின் சத்தத்தைக் கூட்டுவார்.

முதலில் நான் சந்தேகப்பட்டது மருந்தை. பிள்ளைகள் தூங்குவதற்காக இருமல் பாணி கொடுக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். மாமி சேலை மடித்துவைக்கிற பெட்டியைக்கூட அவர் கோயிலுக்குப் போயிருந்தபோது திறந்து பார்த்தேன். வேப்பெண்ணெய், பழைய கண்ணாடி, என் கல்யாணப் படம். வேறொன்றும் இல்லை. பிள்ளையின் கண்ணைப் பார்த்தேன், மூச்சை எண்ணிப் பார்த்தேன். மருந்து கொடுத்த பிள்ளை இல்லை அவன். கொழுத்துப்போய் இருந்தான்.

அடுத்தது போத்தல். மாமி தேத்தண்ணீர்க் கோப்பையையே தண்ணீரில் முக்கியெடுத்துக் கவிழ்க்கிறவர். ஆனால் பால் போத்தல் ஒவ்வொரு மாலையும் பளபளவென்று காய்ந்து இருக்கும். முகர்ந்து பார்த்தால் பால் வாசனை இல்லை. நான் காலையில் கொதிக்கவைத்த தண்ணீரின் வாசனைதான். அதேநேரம் டின்னில் பால்மா ஒழுங்காகக் குறைந்துகொண்டு வந்தது. போத்தலுக்குள் போகாத பால்மா எங்கே போகிறது? பலாங்கொடையில் இருக்கும் தன் மகள் வீட்டுக்கு அனுப்புகிறாரா?

பிறகு பிள்ளையின் துணிகள். இதைப் படிக்கிறவர்கள் முகம் சுளிக்கலாம், ஆனால் நான் நர்ஸ். பகல் முழுவதும் பால்மா குடிக்கிற பிள்ளையின் மலம் கெட்டியாக, வெளிறி, நாற்றமாக இருக்கும். இவனுடையது கடுகு அரைத்துக் கரைத்ததுபோல மஞ்சளாக, மென்மையாக இருந்தது. அது தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையுடையது. நான் விடியற்காலையில் கொடுப்பது மட்டும் அந்த நிறத்தைத் தராது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலியடியில் நின்றேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அதற்கு அடுத்த வாரந்தான் சட்டையில் அந்தக் கறை.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு வந்த எண்ணம் ஒன்றே ஒன்று. மாமியும் கணவரும் சேர்ந்து செய்கிறார்கள். நான் வருகிற நேரத்துக்குப் பிள்ளையின் வயிற்றை வேறு யாரையோ கொண்டு நிரப்பிவைக்கிறார்கள். சோறூட்டும் நாளில் அவன் என்னை மறுப்பான். நான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு வெள்ளை உடுப்பை மடித்துவைப்பேன். இவ்வளவு சுத்தமாக ஒரு ஏமாற்று வேலையைப் படிக்காதவர்கள் செய்யமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு கூட்டாளியிடம் டியூட்டியை மாற்றிக்கொண்டேன். வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போல முதல் பஸ்ஸில் ஏறி, டவுனில் இறங்கி, தேத்தண்ணீர்க் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, திரும்பிவரும் பஸ்ஸைப் பிடித்தேன். எங்கள் சந்தியில் இறங்காமல் அடுத்த மதகடியில் இறங்கி, மலைக்குள்ளால் இருக்கும் குறுக்குப் பாதையில் ஏறினேன். காலைக் கொழுந்து நிறுக்கிற நேரமாக அதைக் கணக்குப்பண்ணியிருந்தேன். ஏனென்றால் கொழுந்துக்காரிகளின் கை மலையிலிருந்து விடுபடுகிற நேரம் அதுதான். நிறுவை முடிந்ததும் பால் குடிக்கும் பிள்ளை உள்ளவர்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் புள்ளக் காம்பராவுக்குப் போவார்கள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் ஆயா பார்த்துக்கொள்ளும் இடம் அது. பால் கொடுத்துவிட்டு மறுபடி மலை ஏறுவார்கள். நானும் அப்படி வளர்ந்தவள்தான். அதனால்தான் என் மகன் அங்கே வளரக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

புள்ளக் காம்பராவின் வெளி வாங்குப் பலகையில் ஐந்தாறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு இன்னும் ஈரமாக இருந்தது. கடைசியில் இருந்தவள் கீழ் லயத்துக்காரி. என் வயதுதான் இருக்கும். அவளுடைய பெண்பிள்ளை மடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தன் முறைக்காகக் காத்திருப்பதைப் போலக் கை முஷ்டியைச் சப்பிக்கொண்டிருந்தது. மார்பில் இருந்தது என் மகன். அவள் விரல்கள் அவன் முதுகைத் தாங்கியிருந்தன. கறை இருந்த அதே இடத்தில்.

இரண்டடி தள்ளி மாமி, எங்களுக்கு முதுகைக் காட்டி, பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காவல். நான் வந்த பாதையைத் தவிர மற்ற எல்லாப் பாதையும் அவர் கண்ணில் படும்.

வாங்கில் இருந்தவர்களில் ஒருத்திதான் முதலில் என்னைக் கண்டாள். "நர்ஸம்மாவுக்கு இன்னைக்கு லீவு போல" என்றாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரிப்பை அடக்கிய குனிவு அது. மலைக்கே தெரிந்திருந்தது. எனக்கு மட்டுந்தான் தெரியவில்லை.

மாமி திரும்பிப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

நான் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினேன். கீழ் லயத்துக்காரி அசையவில்லை. "குடிச்சிக்கிட்டு இருக்கான். இப்ப இழுத்தா கடிச்சிருவான். சித்த நில்லுங்க" என்றாள்.

நின்றேன். என் பிள்ளை இன்னொருத்தியிடம் குடித்து முடிக்கும்வரை, கைப்பையோடு, நின்றுகொண்டிருந்தேன். அவன் கண்ணை மூடியிருந்தான். எனக்கும் நெஞ்சு கட்டி உடுப்பு நனைய ஆரம்பித்தது. பையில் மாற்று உடுப்பு இருந்தது. அதை எடுத்து மாற்ற அங்கே இடமில்லை.

"ஒங்களுக்குக் காய்ச்சல் இருக்கா? இருமல்? மஞ்சக் காமாலை வந்திருக்கா? நெஞ்சுல புண்ணு ஏதும்?" என்று கேட்டேன். என் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

"மாட்டு டொக்டர் மாரி கேக்குறீங்களே" என்றாள் அவள். "பல்லு பாக்கலையா?"

இந்த முறை வாங்கு முழுவதும் சிரித்துவிட்டது. ஆயாவும் உள்ளேயிருந்து சிரித்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது மாமி முன்னால் போனார். பிள்ளை என் தோளில் தூங்கினான். இரண்டாவது வளைவில் நான் கேட்டேன்.

"யாரு யோசன இது மாமி? ஒங்க மகனோடதா?"

"அவனுக்குத் தெரிஞ்சா என்னைய வெட்டிப் போட்டுருவான். கீழ் லயத்தாளுக்கிட்ட புள்ளையக் குடுத்தன்னு."

"அப்ப ஏன்?"

"மொத நாளே போத்தலத் துப்பிட்டான். மறுநாளும் துப்பிட்டான். கத்திக் கத்தி நாக்கு வறண்டு போச்சு. நா என்னா செய்ய? தூக்கிக்கிட்டு புள்ளக் காம்பராவுக்குப் போனேன், ஆயா ஏதாச்சும் வழி சொல்லுவான்னு. அந்தப் பொண்ணு அவ புள்ளைக்குக் குடுத்துக்கிட்டு இருந்தா. இவன் கத்துறதப் பாத்துட்டு, கொண்டாங்கன்னா. குடுத்தேன்."

"சும்மாவா குடுக்குறாங்க?"

"சும்மா எவ குடுப்பா? பால்மாவ அவ மூத்த புள்ளைக்குக் குடுத்துருவேன்."

டின் குறைந்ததன் மர்மம் அது. எனக்குக் கோபம் வருமென்று எதிர்பார்த்தேன், வரவில்லை. சந்தேகம் மட்டும் வேறு பக்கம் திரும்பியது.

"அவங்க வீட்டுல நீங்க தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்களே, மாமி."

"நாந்தான குடிக்க மாட்டேன். அவனுக்கு என்னா தெரியும்."

நடந்துகொண்டே அவர் சொன்னதை நான் மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு இடத்தில் கணக்கு இடித்தது. என்னை வீட்டில் உட்காரவைக்க மாமி விரும்பியிருந்தால், இவ்வளவு சிரமப்பட்டிருக்கத் தேவையில்லை. பிள்ளை போத்தலைத் துப்புகிறான் என்று அன்று மாலையே மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சோறூட்டும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை, அடுத்த நாளே என் வேலை போயிருக்கும். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. பச்சை மலைக்கு நடுவில், தான் தொடாத ஒருத்தியின் பக்கத்தில், காவல் இருந்திருக்கிறார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ மூஞ்சிய வச்சிக்கிட்டுத் திரிவ. அவன் ஒரே பார்வையில கண்டுபுடிச்சிருவான். ஒனக்குப் பொய் பேச வராது, புள்ள."

"அன்னைக்கு அவர் சொன்னப்ப நாயந்தான்னு சொன்னீங்க."

"அவங்கிட்ட வேற என்னா சொல்லச் சொல்ற?" நின்று, மூச்சு வாங்கி, வெற்றிலையைத் துப்பினார். "நா ஆஸ்பத்திரிக்குப் போனா நர்ஸோட மாமின்னு வரிசையில நிக்க உடாம உள்ள கூட்டிக்கிட்டுப் போறாங்க. முழங்கால் ஊசிக்கு இனியும் எத்தன தடவ போவணுமோ. நீ வேலைய உட்டுட்டா நா எங்க போயி நிக்க?"

அது உண்மையான காரணமா, அல்லது உண்மையான காரணத்தை மறைக்கச் சொன்ன காரணமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் எதையும் படிக்க முடியவில்லை. எழுத்து வாசிக்கப் படித்த எனக்கு மாமியின் முகம் மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை.

சோறூட்டுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. கணவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் கீழ் லயம் என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும். சொல்லாவிட்டால், மாலையில் பிள்ளை என்னிடம் குடிக்க வேண்டும். அதற்கு அவனுக்கு மாலையில் பசிக்க வேண்டும். விடுமுறை நாளில் கீழ் லயத்துப் பீலிக்குப் போய் அவளைச் சந்தித்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"காலைக் கொழுந்துக்கும் பகலுக்கும் குடுங்க. அந்திக் கொழுந்து நிறுத்த பொறகு குடுக்க வேணாம்" என்றேன்.

"கேக்குற மாரி தெரியலயே. ஓடர் போடுற மாரி இருக்கு."

"எனக்குக் கேக்கப் பழக்கமில்ல."

"பழகிக்கங்க" என்று துணியைக் கல்லில் அடித்தாள். அந்தத் துணியை முழுவதும் அலசி முடித்த பிறகுதான் மறுபடி பேசினாள். "எங்கம்மாவ நெஞ்சு டொக்டர்கிட்ட காட்டணும். கடைச் சிங்களந்தான் தெரியும். டொக்டரக் கண்டா அதுவும் வராது. நீங்க கூட நின்னு பேசுவீங்களா?"

"பேசுறேன்."

"ஆளப் பாத்ததும் ஒதுங்கிற மாட்டீங்களே? வெள்ளச் சட்டையில அழுக்குப் படும்னு?"

அவளும் என்னைச் சந்தேகப்பட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. கருணையால் பால் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தால் நான் அவளை நம்பியிருக்கமாட்டேன். அவளுடைய அம்மா வந்த நாளில் கிளினிக்கில் பக்கத்திலேயே நின்றேன். அன்று எங்கள் வார்டு சிஸ்டர், யார் இது, சொந்தமா என்று கேட்டார். ஆம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது பொய்யா இல்லையா என்று யோசித்தேன்.

அதன் பிறகு மாலைகளில் அவன் என்னிடம் குடித்தான். முதல் நாள் தயங்கினான், இரண்டாம் நாள் பற்றிக்கொண்டான். கணவர் வானொலியை அணைத்துவிட்டுப் பார்ப்பார். சிலவேளை மாமியைப் பார்ப்பார், சிலவேளை என்னை. முன்பு மாமியும் நானும் பேசாமல் இருந்த இடங்களில் இப்போது ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம். அந்த வேறுபாடு அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

சோறூட்டு தோட்டத்து மாரியம்மன் கோயிலில். ஞாயிற்றுக்கிழமை காலை. தாய்மாமன் முறைக்கு என் தம்பி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். பூசாரி கொடுத்த சர்க்கரைப் பொங்கலைப் பிள்ளையின் நாக்கில் தொட்டுவைத்தார்கள். நாக்கால் தள்ளினான், பிறகு சப்பினான், எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கணவர் பக்கத்தில் நின்றார். அவர் சொன்ன நாள் அது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

கூட்டம் விலகியபோது வாசல் பக்கம் கீழ் லயத்துக்காரி நின்றாள், தன் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு. அவள் ஏன் வந்தாள் என்று தெரியவில்லை. பொங்கலுக்காக இருக்கலாம், அவனைப் பார்ப்பதற்காகவும் இருக்கலாம். என் மகன் அவளைக் கண்டுவிட்டான். உடம்பு முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்தது. இரண்டு கையையும் நீட்டினான். பசியெடுத்தால் போடும் அந்தச் சின்னச் சத்தத்தைப் போட்டான். என் கையிலிருந்து அவன் வழுகிப்போகிற அளவுக்கு அந்தப் பக்கம் இழுத்தான். அந்த ஒரு கணத்தில் எனக்கு என் வேலையும் நினைவில் இல்லை, உடுப்பும் நினைவில் இல்லை. அவன் என் முகத்தைப் பார்க்கவேயில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"என்னா இது?" என்றார் கணவர், மெதுவாக.

வாசலிலிருந்து அவள் குரல் பெரிதாக வந்தது. "என் பாசிமணியத்தான் பாக்குறான். பொம்பளப் புள்ளையா பொறக்க வேண்டியவன் போல." சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு, பெண்ணை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ஆட்களுக்குப் பின்னால் போய்விட்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். புள்ளக் காம்பரா வாங்கில் இருந்தவர்கள் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்கள்.

நான் தூணோரம் உட்கார்ந்து, சேலைக்குள் அவனை இழுத்துக்கொண்டேன். கொஞ்சம் முனகினான். மாமி எனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். பிறகு அவன் குடித்தான். நன்றாக, சத்தமாக, கணவருக்குக் கேட்கும்படி குடித்தான். நான் அழவில்லை. அழுதால் ஏன் என்று ஒரு கேள்வி வரும்.

வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கணவர் வாசற்படியில் உட்கார்ந்தார். மாமி அடுப்பை ஊதினார். நான் பிள்ளையைத் தொட்டிலில் போட்டேன்.

"சொன்ன சொல்லு சொல்லுதான்" என்றார் அவர். "புள்ள ஒட்டித்தான் இருக்கான். நீ வேலைக்குப் போ."

"ம்" என்றேன். மாமி அடுப்பிலிருந்து திரும்பவில்லை. புகை அடங்கி, நெருப்புப் பிடித்துக்கொண்டது.

"ஆனா" என்றார் அவர், வெளியே பார்த்தபடி. "அந்தக் கீழ் லயத்துப் பொம்பள கழுத்துல பாசிமணி எங்க இருந்துச்சு?"

"சேலைக்குள்ள இருந்துச்சு" என்றேன் நான்.

"கழட்டி முடிஞ்சி வச்சிருந்தா" என்றார் மாமி, அதே நேரத்தில்.

அவர் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார். கோபமில்லை. மெஷினில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால், நிறுத்தாமல், காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பாரே, அப்படி ஒரு பார்வை.

"நாளைக்கு எந்த பஸ்ல போற?" என்று கேட்டார்.

"மொத பஸ்."

"அந்திக்குத்தான் வருவ?"

"ஆமா."

"சரி" என்றார். நான் போகச் சம்மதித்துச் சொன்னாரா, நான் இல்லாத நேரத்தைக் குறித்துக்கொண்டாரா என்று எனக்கு விளங்கவில்லை. வெள்ளை உடுப்பை எடுத்து, மேசையில் துணி விரித்து, ஸ்திரிக்கை போட்டுத் தேய்க்கத் தொடங்கினேன்.